சட்டென்று திறந்த முகம்

வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஷிஜா. அதனால் குன்னத்துகாலில் யாருடைய போன் கெட்டாலும், வங்கியிலிருந்து புரியாத குறுஞ்செய்தி வந்தாலும், "சாராம்மாக்க மக படிச்சவளாக்கும்" என்று அவள் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கிய அவளுக்கோ, தனக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா, இல்லை பரீட்சை எழுத மட்டும்தான் தெரியுமா என்ற சந்தேகம் ஓய்ந்ததே இல்லை. சனிக்கிழமைகளில் நெய்யாற்றின்கரையில், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு. மற்ற நாட்களில் பாறசாலையில் சுந்தரதாஸின் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. அரசு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிச் சேர்ந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

கல்யாணப் படங்களை இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். சுந்தரதாஸின் கடையைத் தாங்குவது மரணம். யாராவது இறந்தால் சந்திப்பில் வைக்க, அவர் படம் போட்ட ஆதராஞ்சலி போர்டு வேண்டும். அழுதுகொண்டு ஓடிவருகிறவர்கள் கையில் படம் இருக்காது. வீட்டுப் பெயரையும் ஆளின் பெயரையும் சொன்னால் போதும். எப்போதோ பாஸ்போர்ட் அளவுக்கு எடுத்த படத்தை சுந்தரதாஸ் தேடி எடுத்துவிடுவார். ஒரு முகத்தையும் அவர் அழித்ததில்லை. இரண்டு பஞ்சாயத்து ஜனங்களின் முகங்கள் ஒரே பெரிய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. ஒன்றைத் திறக்கச் சொன்னால் அது உள்ளே கிடந்து உருண்டு, முனகி, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைக் கொண்டுவரும்.

அந்தத் தாமதத்தைப் போக்கத்தான் ஷிஜா ஒரு யோசனை சொன்னாள். பெரிய டிஸ்க் அப்படியே இருக்கட்டும். கூடவே சின்னதாக, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வைத்தால், அடிக்கடி எடுப்பதை அது ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

"பரண்ல கெடக்கிற பிரேமுல, தெனமும் கேக்குறத மட்டும் மேசையில வச்சிருக்கோம்லா மாமா, அதுபோல."

"மேச நெறஞ்சா?"

"ரொம்ப நாளா தொடாதத தள்ளி விட்டிரும். பேடிக்காண்டாம், படம் பெரிய டிஸ்க்குல பத்திரமா கெடக்கும்."

கூடப் படித்த ரதீஷ் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்கு நிற்கிறான். தண்ணீரில் விழுந்து செத்துப்போன ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியைத் துடைத்துக் கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் தகடு. ஷிஜா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்தபோது தூசியோடு பல்லி முட்டையின் ஓடுகளும் கொட்டின. அதை வைக்கப் பெட்டிக்குள் தனி இடம் இல்லை. பிரேம் ஒட்டும் இரட்டைப்பக்க டேப்பால் இரும்புச் சுவரில் ஒட்டி, இரண்டு வயர்களைச் செருகினாள். முதல் தடவை போட்டபோது நீலத்திரை வந்து நின்றுவிட்டது. சுந்தரதாஸ் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன ஒரு அமைப்பை அவள் சரிசெய்து மறுபடி போட, எழுந்துகொண்டது.

அதன்பிறகு கடையில் அந்த முனகல் குறைந்துபோயிற்று. ஷிஜாவுக்கு முதலில் ஒருமாதிரி இருந்தது அதுதான். முன்பெல்லாம் டிஸ்க் உருளும் நேரத்தில், நிற்கிறவர்கள் கண்ணைத் துடைத்து மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இப்போது சில முகங்கள் விரல் எடுப்பதற்குள் முழுசாக வந்து நின்று பார்த்தன. ஒருத்தி தன் புருஷன் முகத்தைக் கண்டு, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்வதுபோல "ஓ" என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ஷிஜா வேறு எதையோ தேடும்போது கை தவறி வேலாயுதனின் படம் சட்டென்று துள்ளித் திறந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"இவன் எதுக்கு இப்படிச் சாடி வாறான்?" என்றார் சுந்தரதாஸ்.

அந்த வாரமே வேலாயுதனின் மகன் போர்டுக்கு வந்து நின்றான். அடுத்தது குட்டப்பன். அவர் படமும் சாடித்தான் வந்தது, அவரும் போனார். சுந்தரதாஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பார்த்ததைச் சாயாக் கடையில் சொன்னார். அதற்குப் பிறகு அது அவர் கையில் இல்லை. ஆதராஞ்சலி போர்டு அடிக்கிற கம்ப்யூட்டருக்கு அடுத்தது யார் என்று தெரியும் என்று பேச்சாகிவிட்டது.

ஆட்டோ ஓட்டும் சஜு வந்து மேசையில் கையூன்றி நின்றான்.

"எனக்க படத்த ஒண்ணு தொறந்து காட்டு ஷிஜா. நான் எப்பம் போவேன்னு பாப்போம்."

படம் உருண்டு உருண்டு வந்தது. "கண்டியா! கெழவனாட்டுதான் போவேன்!" என்று அங்கிருந்த எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான். மறுநாள் கூட்டாளி எபினையும் இழுத்துக்கொண்டு வந்தான். "எலே, இஞ்ச பாரு, எனக்க ஆயுச."

ஷிஜா தயங்கினாள். அவன் விடவில்லை. படம் பட்டென்று வந்து நின்றது.

எபின் சிரித்தான். "ஆட்டோவ எனக்கு எழுதி வச்சிருலே."

சஜு சிரிக்கவில்லை. நேற்றுத் திறந்து பார்த்ததால்தான் இன்று வேகமாக வருகிறது, திறந்து பார்த்தால் யார் படமும் இப்படித்தான் வரும் என்று ஷிஜா சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அன்று அவன் ஆட்டோவைக் கடை முன்னாலேயே விட்டுவிட்டு நடந்து போனான்.

அவள் சுந்தரதாஸை உட்காரவைத்து விளக்கினாள். சாகக் கிடக்கிறவன் முதலில் நோயாளி. நோயாளிக்கு இன்சூரன்ஸ் கார்டு வேண்டும், ஆஸ்பத்திரிக் கார்டு வேண்டும், அதற்குப் படம் வேண்டும். வீட்டிலிருந்து யாராவது வந்து பழைய படத்தைப் பிரிண்ட் எடுத்திருப்பார்கள். வேலாயுதனின் மகன் வந்தான், ஞாபகம் இல்லையா? அப்போது எடுத்ததைச் சின்ன டிஸ்க் வைத்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

சுந்தரதாஸ் மெதுவாகத் தலையாட்டினார். "அப்பம் நான் சொன்னதும் நீ சொல்லுததும் ஒண்ணுதானே மக்கா?"

ஷிஜாவுக்கு அதை அப்படியே விட மனம் இல்லை. யாருமே தொட்டிருக்க முடியாத ஒரு படத்தைத் திறந்து காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது கல்விக் கடனுக்காக அம்மாவை இதே கடையில் படம் எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அது யாருக்கும் தேவைப்படவில்லை.

"பாருங்க, எங்கம்மா படம். இது பையத்தான் வரும்."

எண்ணெய் தேய்த்துப் பின்கழுத்துவரை இழுத்து வாரிய தலை, நீலச் சேலை, சிரிக்கலாமா என்று யோசிக்கும் வாய். சாராம்மா ஒரு சத்தமும் இல்லாமல் சட்டென்று திரையில் வந்து மகளைப் பார்த்தாள்.

"கர்த்தாவே!" சுந்தரதாஸ் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "சனியாழ்ச்ச இப்படி இல்லியே! அன்னைக்கு உருண்டு உருண்டுதானே தொறந்துச்சு!"

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது, என்ன சொல்லிவிட்டோம் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே மழை பிடித்திருந்தது. சனிக்கிழமை ஷிஜா கடையில் இருக்க மாட்டாள் என்று தெரிந்தே அம்மா வந்து, சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, படம் வாங்கிப் போயிருக்கிறாள். எதற்குப் படம் வேண்டியிருக்கும் என்று சற்று முன்புதான் ஷிஜாவே விளக்கி முடித்திருந்தாள்.

பேய் என்று நம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள். பேயென்றால் பொய்யாக இருக்க வாய்ப்புண்டு.

சாராம்மா வீட்டுப் பின்புறம் உருளையில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தாள். மகளை அந்த நேரத்தில் கண்டதும் உருளையின் கைப்பிடியை நிறுத்தினாள்.

"சுந்தரதாஸ் வாய வச்சிட்டு சும்மா இருக்க மாட்டானே."

"என்னம்மா உனக்கு?"

அம்மா சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தோரம் காட்டினாள். தொட்டால்தான் தெரியும் அளவுக்கு ஒரு கட்டி. "இஞ்ச உள்ள டாக்டரு திருவனந்தபுரத்துக்கு எழுதித் தந்தாரு. நாளைக்குப் போவணும். உனக்க பரீச்ச கழியட்டும்னு பாத்தேன். ஒண்ணும் இருக்காது."

"நானும் வாறேன்."

"படிக்காம எங்க வாற?"

"வாறேன்னு சொன்னேன்."

சாராம்மா கைப்பிடியை மறுபடி சுற்றினாள். வெள்ளைத் தகடு நெளிந்து வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, விளையாட்டுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்த மெஷின்ல எனக்க படம் எப்படித் தொறந்துச்சு? ஊரெல்லாம் பேச்சாக்கும்லா. சாடி வந்துச்சோ?"

"இல்லம்மா. பையத்தான் வந்துச்சு."

சாராம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அம்மாவைப் பாறசாலை ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று ஷிஜா கடைக்குப் போனாள். சுந்தரதாஸ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய வருடங்களின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திறந்தாள். முடித்து, அடுத்த வருடம். அதை முடித்து, அதற்கு முந்தியது.

பெரிய டிஸ்க் நெடுநாளைக்குப் பிறகு முழுக் குரலில் முனகியது. முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மீசைக்காரர்கள், மூக்குத்திகள், ஞானஸ்நானத்துக்கு எடுத்த குழந்தைகள். போர்டில் பார்த்துப் புதைத்தவர்களும் எரித்தவர்களும், இன்னும் தெருவில் நடக்கிறவர்களும் கலந்து எழுந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரையும் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்கா செய்யிற?" சுந்தரதாஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மேசைய நெறைக்கேன் மாமா."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கல்யாண ஆல்பமும் இருக்கு. அது பெரிசாக்கும். வேகமா நெறையும்" என்றார்.

நீலச் சேலைப் படத்தைச் சின்ன டிஸ்க் இந்நேரம் வெளியே தள்ளியிருக்க வேண்டும். கணக்குப்படி தள்ளியிருக்க வேண்டும். ஷிஜாவின் கை அந்தப் பெயரின் மேல் போய் நின்றது. ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

திறந்தால் மறுபடி உள்ளே வந்துவிடும்.

சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, பின்னால் டிஸ்க் இன்னும் யாரையோ உருட்டிக் கொண்டுவரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள்.