எஸ்தரை ஏன் கேட்கவில்லை?

எஸ்தரிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்காமல் விட்டேன்? பத்து நாளாக யோசிக்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விடியற்காலை பெங்களூரு ரயிலைத் தெரியும். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறும் எஸ்தர், பக்கத்து சீட்டில் துப்பட்டாவைப் போட்டு வைப்பாள். அடுத்த ஸ்டேஷனான ஊரிகத்தில் ஏறும் நான் அதில் உட்காருவேன். மூன்று வருடப் பழக்கம்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு சூப்பர்வைசர் வேலை காலியானது. "உங்க ஊர்ல நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க" என்றார் மேனேஜர். வேறொரு கம்பெனியில் இருக்கும் எஸ்தருக்கு இந்த மாதிரி வேலையில் ஏழு வருட அனுபவம். முதலில் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த நொடியே... கைக்குழந்தைக்காரி, பாவம். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். வழக்கமான வண்டி போய்விடும். அவளை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்?

அடுத்த பெட்டியில் வரும் பிரபுவின் பெயரைச் சொன்னேன். எஸ்தருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி வேறு!

அவனுக்கு வேலை கிடைத்தது. சம்பளம், எஸ்தர் இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக மைசூர்பாகு டப்பாவை நீட்டினான். "எல்லாம் அக்கா சொன்னதாலதான்."

"சம்பளம்தான் ஏறிடுச்சே, இன்னும் ரெண்டு பீஸ் குடுத்தா இன்னா?" என்றாள் எதிர் சீட் கமலா. எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் என்னையே பார்த்தாள்.

"உங்க ஆபீஸ்லயாக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"இல்லடி... பாப்பா சின்னது. வண்டி போயிட்டா நீ கஷ்டப்படுவியேன்னு..."

"பிரபு வூட்லயும்தான் ஆறு மாசக் குழந்தை இருக்குது. அது உங்க கண்ணுல படலியா?"

படவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் வைக்கும் விழாவில் சாப்பிட்டவள் நான். ஆனாலும் படவில்லை.

"எங்க மாமியார் பாத்துக்கறேன்னு சொல்லி ரெண்டு மாசம் ஆவுது" என்றாள் எஸ்தர். மைசூர்பாகு பெங்களூரு வரை அவள் மடியிலேயே இருந்தது.

என் மகள் பிறந்த வருடம், ஒரு ட்ரெயினிங் லிஸ்ட்டிலிருந்து இதே மேனேஜர் என் பெயரை எடுத்துவிட்டார். "குழந்தை இருக்கே, பாவம்" என்றுதான் எடுத்தார். அன்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன். அந்தப் 'பாவம்' எப்போது என் வாய்க்கு வந்தது?

மறுநாள் பயந்துகொண்டேதான் ஏறினேன். சீட்டில் துப்பட்டா கிடந்தது. எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆபீஸில் இன்னொரு இடம் காலியாகிறது. சனிக்கிழமைக்குள் பெயர் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை முதலில் எஸ்தரிடம் கேட்டேன். "சொல்லுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். சொல்லத்தான் போகிறேன். "அவங்களுக்குக் கைக்குழந்தையாமே?" என்று மேனேஜர் நிச்சயம் கேட்பார். பிரபுவுக்காகப் போனபோது அப்படி ஒரு கேள்வியே வரவில்லை, அதனால் எனக்குப் பதில் பழக்கமில்லை.

என்ன சொல்லட்டும்? இதைப் படிக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்களேன்.