மருந்தடிப்பவர் குலம் மறந்த நாள்

தக்காளி வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு தமியானோ மூன்றாம் தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“பிள்ளை பேர் ஜாவிரா. அப்பா முகேர்வா. தாத்தா லுபூலா. பூட்டன்…”

முதுகில் பூச்சிமருந்து டேங்க் தளும்பியது. பூட்டன் பேர் வரவில்லை. மறந்த பேர் நாக்கு நுனியில் நின்று ஆட்டம் காட்டுமே, அதுகூட இல்லை. அந்த இடம் வெறுமனே கிடந்தது.

இன்னும் ஒன்பது நாளில் தங்கை ஃபெலிசித்தாவின் மகன் ஜாவிராவுக்குப் பெண் வீட்டில் அறிமுகச் சடங்கு. அன்றைக்கு மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவனுக்காகப் பேச ஒருவர் எழுந்து, பெண் வீட்டுப் பேச்சாளர் விடும் கேலியை எல்லாம் வாங்கித் திருப்பிக் கொடுத்து, பையனின் தலைமுறையையும் குலத்தையும் பிசகாமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணியின் பேர், அந்தக் குலத்தார் அதைத் தின்னக் கூடாது. இரண்டு வீடும் ஒரே குலமென்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதோடு பேச்சு முடிந்தது. லுவெங்கோ பக்கத்தில் இருபது வருஷமாக இந்த வேலைக்குத் தமியானோவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசப் போய்ப் பெண் கிடைக்காமல் திரும்பிய வீடு கிடையாது. இது சொந்தத் தங்கை மகன். தாய்மாமன் வாயே தடுமாறினால் அந்தப் பையன் எங்கே போவான்?

பேச்சு மரியாதைக்கு. சாப்பாட்டுக்கு மருந்தடிப்பு. இரண்டு மூன்று பாட்டில் மருந்தை ஒரே டேங்கில் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவார். மருந்து பீச்சும் குழாய் முனையில் இருக்கும் நாசில் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடி அடிப்பார். அடித்து முடித்ததும் தோட்டக்காரர் ஒரு செம்பு பால் தர வேண்டும். அது கூலியோடு சேர்ந்தது. உள்ளே போன விஷத்தைப் பால் கழுவிவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. டேங்கும் பாட்டிலும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். வெளியே வைத்தால் விடிவதற்குள் காணாமல் போகும்.

கொஞ்ச நாளாக ஒன்றும் சரியில்லை. ஜெபமாலை உருட்டும்போது நடப்பது மூன்றாம் பத்தா நான்காம் பத்தா என்று விரல் நின்றுவிடும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கும். இடது இமை தானாகத் துடிக்கும். அன்று மாலை கடைக்குப் போய்த் திரும்பியபோது மனைவி தெலேசா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“மரியாவோட அப்பா, உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா சோப்பு வாங்கிட்டு வந்திருக்கீங்க. குழம்புல எதைப் போடறது?”

“கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்.”

“கடைக்காரனா? அவன்கிட்டப் போய் நீங்க என்ன கேட்டீங்க, அதைச் சொல்லுங்க.”

அவருக்கு அது நினைவில்லை. “சும்மா நச்சரிக்காதே!” என்று கத்திவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. பிறகு கொல்லையில் வாழை மரங்களுக்கிடையே போவதும் வருவதுமாக நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ஃபெலிசித்தா வந்தாள். அண்ணனைப் பேசவிட்டு ஒத்திகை பார்த்தாள். இரண்டு இடத்தில் அவர் நின்றுபோனதும் எழுந்துவிட்டாள்.

“அண்ணே, எங்கிட்ட மறைக்காதே. காலையிலேயே ஊத்திக்கிறியா?”

“மாதா மேல சத்தியமாச் சொல்றேன், பாலைத் தவிர நான் எதுவும் குடிக்கறதில்ல.”

“எந்த மாட்டுப் பால் இப்படிக் கையை ஆட்டுது? காட்டு உன் கையை. என் பிள்ளை கல்யாணத்தைக் குடிச்சே தீர்த்துடாதே, ஆமா.”

அவள் அழுதுகொண்டு போனது அவரைக் குத்தியது. சடங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது பங்குக் கோவில் மருந்தகத்துக்குப் போய், சடங்கையும் மறதியையும் சொன்னார். சிஸ்டர் இம்மாக்குலாத்தா கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், கையை நீட்டச் சொன்னார்.

“என்ன வேலை செய்யறீங்க?”

“தக்காளிக்கு மருந்தடிக்கறேன் சிஸ்டர்.”

“முகத்துக்கு ஏதாவது கட்டுவீங்களா?”

“துணி இருக்கு. வேர்க்குதுன்னு கட்டறதில்ல.”

“நாசில் அடைச்சுக்கிட்டா?”

“ஊதுவேன்.”

“வாயாலயா?”

“பின்னே மூக்காலயா சிஸ்டர் ஊதறது?” பழைய தமியானோ ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. “முடிச்சதும் பால் குடிச்சிடறேன்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“பால் வயித்துக்குப் போகுது ஐயா. மருந்து தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போகுது. ரெண்டும் எந்த முச்சந்தியில சந்திச்சுக்கும்?”

சிஸ்டர் அவர் கையை மேசை மேல் இறக்கி வைத்தார்.

“இதாலதான் மறக்குதுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். அதைப் பாக்கற சோதனை இங்க கிடையாது. ஆனா தினமும் மருந்துல நிக்கறவங்க தலை கலங்கிப்போச்சுன்னு வந்து நின்னதை நிறையப் பாத்திருக்கேன். சடங்கு முடியற வரைக்குமாவது டேங்கைத் தொடாதீங்க. தூங்கற அறையிலேருந்து எல்லாத்தையும் வெளியே எடுங்க.”

எடுத்தார். ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டி, தகரம் போட்டு மூடிப் பூட்டினார். நான்கு நாள் டேங்கைத் தொடவில்லை. ஆனால் நான்கு நாளில் ஒன்றும் மாறவில்லை. தூக்கம் வரவில்லை, பூட்டன் பேர் வந்து வந்து போனது. வேலை இல்லாத கை பரபரத்தது.

சடங்கன்று விடியுமுன் மழை கொட்டித் தீர்த்தது. வெளிச்சம் வந்ததும் தோட்டக்காரர் சாலி சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“தமியானோ, இன்னிக்கு அடிக்கலேன்னா இலையெல்லாம் கருகிடும். ஒரே ஒரு தோட்டம். ஒன்பது மணிக்குள்ள முடிச்சுடலாம். உன்னை விட்டா எனக்கு யாரு?”

ஊரையே வாயடைக்கிற மனிதருக்கு ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல் மட்டும் சுலபத்தில் வராது. சிஸ்டர் சொன்னபடி நான்கு நாள் இருந்துதான் என்ன கண்டோம் என்றும் நினைத்தார். போனார். அடித்தார். பாலைக் குடித்துவிட்டு, குளித்து, வெள்ளை அங்கியும் கோட்டும் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். வழி நெடுக வேனில் இருந்தவர்கள், “பொண்ணு வீடு மாம்பா மீன் குலம், ரொம்பப் பெரிய குலம், ஜாக்கிரதையாப் பேசணும்” என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

பெண் வீட்டுப் பேச்சாளர் கெத்துரூதா என்ற அம்மாள். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

“யாரு இவங்க? மழைத் தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து எங்க வாசல்ல ஒதுக்கிட்டுப் போச்சா? வாழைத்தார் வாங்கறதுன்னா சந்தை அந்தப் பக்கம்!”

“தார் வேண்டாம்மா,” என்றார் தமியானோ. “உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பாத்ததிலேருந்து எங்க பையன் மூணு மாசமாச் சாப்பிடறதில்ல.”

“சாப்பிடாத பையனுக்கா இந்தத் தொப்பை? சாப்பிட்டிருந்தா வேன் கதவுல மாட்டிக்கிட்டிருப்பானே!”

பந்தலே சிரித்தது. இந்த மாதிரிப் பந்துக்குத்தான் அவர் காத்திருப்பார். இப்போது கை வெறுமையாக இருந்தது. அங்கிக்குள் வியர்வை ஓடியது. திருப்பிக் கொடுக்காமல் நேரே தலைமுறைக்குத் தாவினார். ஜாவிரா, முகேர்வா, லுபூலா. பூட்டன் பேர் கயிகா என்று தானாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் குரலை உயர்த்தி முடித்தார்.

“எங்க பையன் மாம்பா மீன் குலம்!”

பந்தல் அடங்கிவிட்டது. ஏன் யாரும் குலவை இடவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயா, காத்துல சரியாக் கேக்கல,” என்றார் கெத்துரூதா. குரலில் கேலி போய்விட்டிருந்தது. “இன்னொரு தடவை சொல்லுங்க.”

அந்த அம்மாள் தப்பிக்க வழி விட்டார். தமியானோ அதையும் பார்க்கவில்லை. “மாம்பா மீன் குலம்” என்றார் இன்னும் உரக்க.

“அண்ணனுக்குத் தங்கச்சியைக் கேக்க வந்திருக்கான்!” என்று யாரோ கத்தினார்கள். “குடிச்சுட்டு வந்திருக்கான், இழுத்து வெளியே விடுங்க!”

பெண்கள் உட்கார்ந்த பாயிலிருந்து தெலேசா முழங்காலால் நகர்ந்து வந்து அவர் அங்கியைப் பிடித்தாள். “மரியாவோட அப்பா, அது அவங்க குலம். நம்ம பையன் வெட்டுக்கிளிக் குலம்.”

தமியானோ பையனைத் திரும்பிப் பார்த்தார். ஜாவிரா வாய் திறக்க முடியாமல் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேடிக்கைக்குச் சொன்னேன், அபராதமாக ஒரு ஆடு தருகிறேன் என்று தமியானோ நழுவியிருக்கலாம். அந்த மாதிரிச் சால்ஜாப்பு இருபது தெரியும். ஆனால் குலத்தில் வேடிக்கை செய்தவன் என்றால் பையன் மேல் சந்தேகம் சாகிற வரைக்கும் நிற்கும். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டார்.

“நான் குடிக்கல. இன்னிக்குக் காலையில தக்காளிக்கு மருந்தடிச்சேன். பல வருஷமா அடிக்கறேன். கொஞ்ச நாளா என் தலை எங்கிட்ட இல்ல. அதாலயான்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். தப்பு என் வாயோடது, பையனோடது இல்ல. நான் உக்காந்துடறேன். இனி என்னைக் கேக்காதீங்க, வேற யாரையாவது கேளுங்க.”

பாதியில் உட்கார்ந்த பேச்சாளரை அந்த ஊர் பார்த்ததில்லை. முணுமுணுப்பு கிளம்பியது. கெத்துரூதா கையைத் தூக்கி அடக்கினார். மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து அவரே மூன்று பேரைத் தொட்டு எழுப்பினார். ஒவ்வொருவராக வந்து தன் காதில் மட்டும் குலத்தையும் தலைமுறையையும் சொல்ல வைத்தார். மூன்றாமவர் சொல்லி முடிக்கும் வரை பெண்ணின் அப்பா உட்காரவில்லை.

“மூணு வாயும் ஒண்ணுதான் சொல்லுது,” என்றார் கெத்துரூதா. “வெட்டுக்கிளிக் குலம்.” என்று மணப்பெண் பக்கம் திரும்பினார். “அடியே நப்போசா, இனி வெட்டுக்கிளி சீசன்ல வறுத்துக்கிறுத்து மாப்பிள்ளைக்கு வெச்சுடாதே, தன் குலத்தையே தின்னுடுவான்!”

சிரிப்பு திரும்பி வந்தது. மிச்சத்தை ஜாவிராவின் சித்தப்பா உப்புச் சப்பில்லாமல் பேசி முடித்தார். தமியானோ பாய் ஓரத்தில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அது நல்லபடி முடிந்தது.

திரும்பும்போது வேனில் ஜாவிரா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, ஆறு வாரத்துல கோவில் கல்யாணம். அன்னிக்கு விருந்துல நீங்கதான் பேசணும்.”

“என் வாயாலயா? இன்னும் புத்தி வரலையா உனக்கு?”

“சித்தப்பா பேசினா விருந்தாளியெல்லாம் சாப்பிடாமலே தூங்கிடுவாங்க மாமா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் நிறைந்தது. டேங்கைத் தொடாமல் இருந்தால் தலை திரும்புமா? திரும்பாவிட்டால்? நாளைக்குச் சாலி வந்து நின்றால் என்ன சொல்வது? வேறு கூலிக்கு யாரிடம் போவது? இமை மறுபடி துடிக்கத் தொடங்கியது.

“பேசறேன்னு வாக்குக் குடுக்கமாட்டேன்,” என்றார். “டேங்கை முதுகுல ஏத்தமாட்டேன். அதுக்கு மட்டும் வாக்குத் தரேன்.”

ஜாவிரா தலையாட்டினான். தமியானோ ஜன்னல் பக்கம் திரும்பி, ‘மாட்டேன், சாலி ஐயா, மாட்டேன்’ என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்.