காற்றை நம்பாத அம்மான்

என் அம்மானுக்குக் காற்றின் மேல் நம்பிக்கை கிடையாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை நம்பி நாலு பேர் உட்காருகிற வண்டியை ஓட்டச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம் என்பார். இதைச் சொல்லும்போது பெரும்பாலும் அவர் திருமயம் சாலையோரத்தில் குந்தியபடி தன் பிளஷர் காரின் டயரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அப்பாவை அப்பச்சி என்றும், அம்மாவை ஆத்தா என்றும், தாய்மாமனை அம்மான் என்றும் அழைக்கிற வீடு எங்களுடையது. ஆத்தாவுக்கு உடன்பிறந்தவர் இந்த ஒரு தம்பிதான். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். பெரிய வீடுகளில் சும்மா கிடந்த சாமான்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய இங்கிலீஷ் பிளஷர் கார் ஒன்றை அம்மான் வாங்கி வந்தார். முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால் அது முதலில் இருமும். நல்ல நாளாக இருந்தால் கிளம்பும். எஞ்சினோடுகூட அவர் சமாதானமாகிவிட்டார். டயர்தான் அவரை அழவைத்தது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் கருவேல முள்ளும், மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணியும் எப்போதும் அவருக்காகவே காத்திருந்தன. அந்த அளவு டியூப் புதுக்கோட்டைக் கடைகளில் கிடைப்பதில்லை. இருந்தவற்றில் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, எது டியூப் எது ஒட்டு என்று தெரியாமல் போய்விட்டது. ஸ்டெப்னி எப்போதோ சக்கரமாகி உழைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் பின்பக்கத்து இடது சக்கரத்தின் டியூப் ஒருநாள் இனி ஒட்டவே முடியாதபடி கிழிந்தது.

அப்போது நான் தெருவில் பனங்காய் வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். நுங்கு தின்றுவிட்டுப் போட்ட இரண்டு பனங்காய்க் கூடுகளைக் குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளுகிற வண்டி. அம்மான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் வண்டி என்னைக்காச்சும் பஞ்சர் ஆயிருக்கா பாப்பா?"

இல்லை என்றேன். அந்த உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, என் வண்டியின் ஒரு சக்கரம் அரிவாளால் இரண்டாகப் பிளக்கப்பட்டதுதான். நான் போட்ட கூச்சலை அவர் காதில் வாங்கவே இல்லை. பிளந்த பனங்காயைக் கட்டைவிரலால் அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். உள்ளே முழுக்க நார். அமுங்கியது கொஞ்சம் திரும்பியும் வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே அழுகை நின்றுபோனது.

காற்றில்லாத டயர் செய்யும் வேலை இப்படித்தான் தொடங்கியது. முதலில் வைக்கோலைத் திணித்தார். ஊருணி வரை போய்த் திரும்புவதற்குள் வைக்கோல் பொடியாகி, டயர் தொளதொளத்துவிட்டது. வழியில் மேய்ந்த மாடு ஒன்று அதை முகர்ந்து பார்த்தது. அடுத்தது கந்தல் துணி. துணியெல்லாம் ஓடி ஒரே பக்கம் சேர்ந்துகொள்ள, சக்கரம் ஒரு கால் குட்டையானவன் நடப்பதைப்போல நொண்டியது. மூன்றாவதாக மணமேல்குடிப் பக்கத்திலிருந்து தேங்காய் நார்க் கயிறு வரவழைத்து, நனைத்து, இறுக்கி, டயருக்குள் சுற்றுச் சுற்றாக அடைத்தார். அதை இரும்பு வளையத்தில் ஏற்ற இரண்டு பேர் கடப்பாரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அது நின்றது.

நின்றது என்றால் ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். உட்கார்ந்திருப்பவர் பாடு வேறு. மற்ற மூன்று சக்கரமும் பள்ளத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும். இந்தச் சக்கரம் அதை அப்படியே நம் முதுகெலும்பிடம் ஒப்படைக்கும். பேசினால் நாக்கு கடிபடும். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனாலே குதிக்கும். இப்போது எங்கோ வெளிநாட்டில் ரப்பர் பட்டைகளை வலைபோலப் பின்னி, காற்றே வேண்டாத கார் டயர் செய்திருப்பதாகப் படம் பார்த்தேன். அம்மான் இருந்திருந்தால் தன் பனங்காயை எவனோ திருடிவிட்டான் என்று தெருவையே கூட்டியிருப்பார்.

இந்த நேரத்தில்தான் அப்பச்சி பினாங்குக்குப் புறப்பட வேண்டி வந்தது. கொண்டுவிக்கப் போவது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கப்பலேறிப் போய்க் கடையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கணக்கு முடித்துத் திரும்ப மூன்று வருஷம் ஆகும். நான் பிறந்ததும் போனவர், நான் நடந்து, பேசி, சண்டை போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்திருந்தார். வந்த அன்று யாரோ என்று ஆத்தாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேனாம். அவரை அப்பச்சி என்று கூப்பிட வாய் பழகவே வெகுநாள் பிடித்தது. பழகி, அவர் தோளில் ஏறிக் காதைத் திருகும் உரிமை வரை வந்த பிறகு, அவர் மறுபடி போகிறார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்தக் கப்பலைத் தவறவிட்டால் கடைப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். போகட்டுமே என்று இருந்தது எனக்கு.

கப்பல் நாகப்பட்டினத்தில். தஞ்சாவூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். புதுக்கோட்டையிலேயே ஏறித் திருச்சியில் வண்டி மாறிப் போகலாம்தான். சொந்தப் பிளஷர் இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும், தஞ்சாவூர் வரை நானே கொண்டுவிடுகிறேன் என்று அம்மான் நின்றார். அது அவருக்கு மானப் பிரச்சினை.

வழியனுப்பப் பெண்கள் வாசலைத் தாண்டி வருவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. வாசலிலும் கண் கலங்கக் கூடாது, புறப்படுகிறவருக்கு ஆகாது. அப்பச்சியின் அண்ணன், எங்கள் பெரியப்பச்சி, இதில் வெகு கறார். விடிந்தும் விடியாததுமாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மான் தயங்கித் தயங்கி அவரிடம் போனார்.

"பின்னாடி கனம் இல்லாட்டி நாரு அமுங்காதுங்க. சக்கரம் துள்ளும். ஆச்சியும் பிள்ளையும் ஏறிக்கிட்டா தேவலைங்க."

அக்காவை அவர் ஆச்சி என்றுதான் சொல்வார். பெரியப்பச்சி யோசித்துவிட்டு, கனம்தானே வேண்டும், இரண்டு நெல் மூட்டையை ஏற்றிக்கொள் என்றார்.

அம்மான் தலையைச் சொறிந்தார். "வளைவு வந்தா அங்கிட்டும் இங்கிட்டும் சாஞ்சு குடுக்கணும்ங்க. மூட்டைக்குச் சாயத் தெரியாதுங்களே."

டயர் விஷயத்தில் அம்மானோடு வாதாட ஊரில் யாருக்கும் ஞானம் போதாது. பெரியப்பச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் மட்டும் வரக்கூடாது என்று ஆத்தாவைப் பார்த்துச் சொன்னார். ஆத்தா தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். நான் பாரமாகப் பதவி ஏற்று அவள் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தேன். அப்பச்சி முன்னால், அம்மானின் அருகில்.

புதுக்கோட்டை தாண்டியதும் அம்மான் வண்டியை நிறுத்தினார். இறங்கிப்போய் நார்ச் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். பாரம் போதவில்லை, அத்தானும் பின்னால் வந்துவிடட்டும், பாப்பா முன்னால் போகட்டும் என்றார். அப்பச்சி இறங்கிப் பின்னால் போனார். வீட்டில் அவரும் ஆத்தாவும் ஒரே பலகையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு, நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர்க் கூஜா இருந்தது.

அதன் பிறகு அம்மான் வளைவு வரும்போதெல்லாம், "சாயுங்க" என்று சத்தம் கொடுப்பார். நானும் என் பங்குக்குச் சாய்வேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் அவர்களும் சொன்னபடி ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருப்பார்கள். ஆதனக்கோட்டை வருவதற்குள் கூஜா ஆத்தாவின் காலடிக்கு இறங்கியிருந்தது. அங்கே முந்திரிக்காட்டு நடுவே சாலை நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். அங்கேயும் அம்மான் சாயச் சொன்னார். ரோடு நேராகத்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

"நாருக்கு அது தெரியாது பாப்பா" என்றார்.

வண்டி குலுக்கிய குலுக்கலில் எங்கள் எல்லோருடைய தலையும் ஆடிக்கொண்டே இருந்தது. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எங்களுக்கு இணையாக வந்து, அம்மானிடம் கொஞ்ச தூரம் ஊர் நியாயம் பேசிவிட்டு, நேரமாகிறது என்று முந்திக்கொண்டு போனார். அப்பச்சி எதிலும் அவசரக்காரர்; சாப்பாடு இலையில் விழுவதற்குள் கை நனைந்திருக்கும். அன்றைக்கு ஒருதரம்கூட அவர் வேகமாகப் போ என்று சொல்லவில்லை. வண்டிக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

கந்தர்வகோட்டையை நெருங்கும்போது கயிறு கருகும் வாசனை வந்தது. இறங்கிப் பார்த்தால் நார்ச் சக்கரம் புகைந்துகொண்டிருந்தது. அம்மான் கூஜாத் தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. ஆறாமல் ஓட்டினால் டயரே தீய்ந்துவிடும் என்று சொல்லி, எல்லோரையும் புளியமரத்தடியில் உட்காரவைத்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ரயில் போய்விடும், கப்பலும் போய்விடும், அப்பச்சி வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்பச்சி கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படிச் சூடாகிறது என்று மட்டும் கேட்டார். காற்றைப் பற்றி அம்மான் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அப்போதுதான். சக்கரம் சுற்றச் சுற்ற நார் ஒன்றோடொன்று உரசி உள்ளேயே வேகிறது என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"காத்து எம்புட்டு அமுங்கினாலும் திரும்பி வந்துரும் அத்தான். நாரு அப்பிடி இல்ல. அமுங்கி அமுங்கி, அமுங்கினது அமுங்கினபடியே கெடந்துரும்."

ஆத்தா காலி கூஜாவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் எழுந்தது அவள்தான். நேரமாகிறது, போகலாம் என்றாள்.

ரயில் எனக்குத் துரோகம் செய்துவிட்டது. நாங்கள் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது அது புகை விட்டுக்கொண்டு நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். அப்பச்சி என்னைத் தூக்கினார். நான் அவர் காதைத் திருகினேன். ஆத்தாவிடம், "போயிட்டு வாரேன்" என்றார். ஆத்தா தலையாட்டினாள். பெரியப்பச்சிக்குக் கொடுத்த வாக்குப்படி அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டி நகரும்போது அப்பச்சி ஜன்னல் வழியாக அம்மான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போறப்பவாச்சும் குலுங்காமக் கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி."

அம்மான் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. எங்களை ஒரு ஓட்டலில் உட்காரவைத்துவிட்டு, தஞ்சாவூர் முழுக்க அலைந்து, சரியான அளவில் ஒரு டியூப் வாங்கி வந்தார். கருகிய கயிற்றை உருவிப்போட்டு, டியூபை மாட்டி, அவர் வாழ்நாளெல்லாம் வைத தன் எதிரியைப் பம்பால் அடித்து உள்ளே ஏற்றினார். வியர்வை வழிய, முணுமுணுப்புக்கூட இல்லாமல் அடித்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். நாலு சக்கரத்திலும் காற்று. அப்படி ஒரு சுகமான சவாரி அந்தப் பிளஷரில் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. வழுக்கிக்கொண்டு போனது. காலையில் அவ்வளவு நேரம் எடுத்த சாலை மளமளவென்று பின்னால் ஓடியது. ஆதனக்கோட்டை முந்திரிக்காடு வந்தபோது ஆத்தாவிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். அவள் பழைய இடத்திலேயே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் கூஜா இருந்தது. முந்தானையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். தோள் இரண்டும் விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தன, காலையில் குலுங்கியது போலவே. முன்சீட்டில் எனக்கு ஒரு அசைவும் இல்லை. விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அத்தனை நாள் அம்மானிடம் டயர் பாடம் படித்தவள் அல்லவா நான்.

"அம்மான், பின்னாடி டயர்ல காத்துப் போயிருச்சு. ஆத்தா மட்டும் இன்னும் குலுங்குது."

அம்மான் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கிப்போய்க் கட்டைவிரலால் அமுக்கினேன். கல்லுப்போல இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"இல்ல பாப்பா. சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போனார்.

நான் தொட்டுத்தான் பார்த்திருந்தேன். டயரில் அப்படியொன்றும் சூடு இல்லை. இவ்வளவு செய்தும் அம்மானுக்கு டயரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.