சரி, ஹஸரத்

மத்ரஸா வாசலில் வாப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றதுதான், எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஸரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்முன் வருகிறது. கொண்டச்சிக் கடலில் எதிர்க்காற்றையே ஏசுகிற மனிதர் வாப்பா. ஹஸரத்தின் முன்னால் மட்டும் அவருடைய குரல் இறங்கிவிடும். பிள்ளையைத் தங்கி ஓத மத்ரஸாவில் சேர்த்துவிட்டால், ஹஸரத் சொல்லாமல் பெற்றவர்கள்கூட வெளியே கூட்டிப்போக முடியாது. ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று துப்பாக்கி ஏந்திய இயக்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்த நேரம் அது. உம்மாவையும் தங்கைகளையும் தோணி ஏறக் கரையில் நிறுத்திவிட்டு, என்னைக் கூட்டிப்போக வாப்பா சைக்கிளில் வந்திருந்தார். நான் உடுப்புப் பையோடு தயாராக நின்றேன்.

"ஒருத்தனை விட்டால், தகப்பன்மார் வந்து சேர ஏலாத பிள்ளையளை நான் எப்படித் தேற்றுறது? எல்லாரையும் நானே கல்பிட்டிக்குக் கொண்டு வாறன். நீங்கள் போங்கோ," என்றார் ஹஸரத்.

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, ஹஸரத்," என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஹஸரத்தின் மேல் கோபம் வரவில்லை. வாப்பாவின் மேல்தான் வந்தது.

ஹஸரத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மலைநாட்டில் பிறந்த அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தோணியில் வழிநெடுக வாந்தி எடுத்தபடியே, எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். கல்பிட்டிக் கரையில் வாப்பாவைத் தேடிப் பிடித்து, "நீங்கள் ஒப்படைச்ச அமானிதம்," என்று என் கையை அவர் கையில் வைத்தார். நான் வாப்பாவின் இடுப்புச் சாரத்தை இறுகப் பற்றிக்கொண்டேன். இனி வாப்பா என்னை விட்டுப் போகமாட்டார் என்று எவ்வளவு நிம்மதி!

உம்மாவும் தங்கைகளும் ஒடுங்கிக் கிடந்த ஓலைக் கொட்டிலை வாப்பா திரும்பிப் பார்த்தார். என் விரல்களைச் சாரத்திலிருந்து மெல்லப் பிரித்தார்.

"கூட்டிப்போறதுக்கு எங்களுக்கு வீடு இல்லை, ஹஸரத். இவன் உங்களோடேயே இருக்கட்டும்."

ஹஸரத் சரி என்று தலையை அசைத்தார்.

இப்போது புத்தளத்தில் என்னையும் ஹஸரத் என்கிறார்கள். லீவு கேட்டு வரும் தகப்பன்மாரிடம் நான் காரணம் கேட்பதில்லை; கூட்டிப்போங்கோ என்றுவிடுகிறேன். கண்டிப்பில்லாதவன் என்று பேச்சு. இருக்கட்டும், எனக்குக் களைத்துவிட்டது. ஆனால் சிலர், "இன்னும் கொஞ்ச நாள் உங்களோடேயே இருக்கட்டும், ஹஸரத்," என்பார்கள். பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். அந்த முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.