ஐஸ்கிரீமுக்காக நிறுத்திய மின்விசிறி

ஓய்வு பெற்றபின் ஒரு பழைய வேனைப் படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றினேன். வீட்டுப் பிரிட்ஜெல்லாம் வேனில் ஓடாது என்று மனைவியின் தம்பி சிரித்தான். இயற்பியல் படித்தவன் நான். இன்வெர்ட்டரில் ஓட்டி, தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டையில் அவன் வாசலுக்கே ஐஸ்கிரீம் கொண்டுவருவதாகச் சவால் விட்டேன்.

வரும் வழியில், கந்தர்வக்கோட்டை தாண்டி, முந்திரித் தோப்போரம் வேன் பழுதாகி நின்றது. மெக்கானிக் வரக் காத்திருந்தோம். சித்திரை வெயில். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. மனைவியின் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தினேன்.

“ஏங்க, வேர்க்குறது எனக்கா, பிரிட்ஜுக்கா?”

“கொஞ்சம் பொறுத்துக்க. ஐஸ்கிரீம் உருகினா ஒன் தம்பி சிரிப்பான்.”

“அப்ப அதுகூடவே குடும்பம் நடத்துங்க. நான் பஸ்ல போறேன்.”

நான் தடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவள் பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்ததும் நான் பிரிட்ஜைத்தான் திறந்து பார்த்தேன்.

ஐஸ்கிரீம் உருகவில்லை. மச்சினன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவள் தொடவில்லை. அதன்பின் அந்த வேனில் ஏறவும் இல்லை.

போன வருடம் அவள் இறந்துபோனாள். ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வேனிலிருந்து கழற்றி வீட்டில் மாட்டியிருந்த அதே இன்வெர்ட்டரை ஓடிப்போய் அந்தப் பெட்டிக்குக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அது முழுக்க அவளுக்காக ஓடியது.