பேய்க்கு இரண்டு ஓட்டை

வாய் மட்டும் இல்லையென்றால் மருதாசலத்தை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ராசிபுரத்தில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் அவருடைய சம்சாரம் ராசம்மாள்.

நெசவுக்காரர் வீட்டில்தான் பிறந்தார். ஆனால் அவர் நெய்த துணியின் கரை, குடித்தவன் நடையாக இப்படியும் அப்படியும் போகும். பத்தொன்பது வயதில் அப்பாவே தறியை விட்டு எழுப்பிவிட்டார். அந்த வருஷம்தான் ஊருக்கு டென்ட் சினிமா வந்தது. அப்போது படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலோடு ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். மருதாசலம் குழலைப் பிடித்தவர்தான், அப்புறம் விடவே இல்லை.

இடையில் படம் பேசக் கற்றுக்கொண்டது. கதை சொல்கிறவர்கள் எல்லாம் மூட்டையைக் கட்டினார்கள். இவர் மட்டும் உடும்புப் பிடியாக நின்றார். டென்ட் முதலாளி சென்றாயன் அவ்வப்போது இங்கிலீஷ் படம் கொண்டுவருவார். வெள்ளைக்காரன் பேசினால் மட்டும் நம் ஜனத்துக்கு என்ன விளங்கும்? அந்தப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மட்டும் அது பிழைப்பென்று எடுபடவில்லை. ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற கையை நிறுத்தாமலே ராசம்மாள் சொல்லுவாள். "பொழுது சாஞ்சா ஒரு முழத் துணியாச்சும் கண்ணுக்குத் தெரியோணுமுங்க மாமா. அதுதான் வேலை. நீங்க பேசுனது எங்கீங்க இருக்குது?" கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் ஒருநாளும் டென்ட் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம் அந்தப் பேய்ப் படம் வந்தது. ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி. இருவரும் ஒரு பாழடைந்த பங்களாவில் தங்கப் போகிறார்கள். அங்கே ஒரு திருடன் வெள்ளைப் போர்வையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அதைப் போர்த்திக்கொண்டு பேயாக வந்து விரட்டுகிறான். மருதாசலம் அவர்களுக்குக் குண்டண்ணன், ஒல்லித்தம்பி என்று பெயர் வைத்தார். நாமக்கல்லில் ஜனம் மணலில் உருண்டு சிரித்தது.

அடுத்தது ராசிபுரம். சென்றாயன் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "படமே பேசுது. உனக்கு எதுக்கப்பா நான் சோறு போடோணும்? உன்ற ஊரு சனம் சிரிச்சா இரு. இல்லீன்னா இந்த ஊரோட நின்னுக்கோ."

நின்றால் தறிக்குத்தான் போக வேண்டும். தறிக்கோ நூல் இல்லை. சண்டையால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்து ஒரு மாதமாகத் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. என்றாலும் மருதாசலம் அசரவில்லை. சொந்த ஊர்க்காரர்கள் தன்னைக் கைவிட்டுவிடுவார்களா என்ன?

கைவிட்டார்கள். முதல் நாள் சாயங்கால ஆட்டத்தில் பேய் வந்து நின்றது. "ஐயோ, குண்டண்ணா, பின்னால பாரு" என்று இவர் குழலில் அலறினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் பயப்படவும் இல்லை. மணலில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி என்ற நெசவுக்காரர் மெதுவாக எழுந்து நின்றார்.

"அட பாவி, நல்ல துணியில ரெண்டு ஓட்டை போட்டுட்டானே" என்றார்.

அவ்வளவுதான். கொட்டகை முழுக்க முணுமுணுப்பு. என்ன நூல் இருக்கும், எத்தனை நாள் நெசவு, எவன் கத்தரி வைத்தான் என்று ஒரே பேச்சு. குண்டண்ணன் மாடிப்படியில் உருண்டான். அதை யாரும் கவனிக்கவில்லை. இழவு வீட்டிலிருந்து போவதுபோல் ஜனம் கலைந்து போனது. "நாளைக்கு ஒரு நாள் பார்க்கறேன்" என்றார் சென்றாயன்.

மருதாசலம் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. ராசம்மாள் சோறு போட்டாள்.

"ஏனுங்க மாமா, அந்தப் பேய் போத்தியிருந்தது எத்தனை கெஜமுங்க?"

"மூணு கெஜம் இருக்கும்."

"ஓட்டை ஓரத்துலீங்களா, நடுவுலீங்களா?"

"நடுவுல."

"அப்ப ஒரு வேட்டிக்குக்கூட ஆவாதுங்க" என்று பெருமூச்சு விட்டாள். என்னுடைய பிழைப்பே ஓட்டையாகிக் கிடக்கிறது, இவள் துணிக்கு அழுகிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. கை கழுவும்போதுதான் புத்தியில் உறைத்தது. இந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்குப் பேய் தெரியவே இல்லை. துணிதான் தெரிகிறது.

மறுநாள் ராசம்மாள் டென்ட்டுக்குக் கிளம்பினாள். "உங்க கதை கேக்க இல்லீங்க. அந்தத் துணியப் பார்க்கோணும்" என்று திட்டமாகச் சொல்லிவிட்டுத்தான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

போர்வை திரையில் வந்ததும் மருதாசலம் குழலைத் தூக்கினார். "பயப்படாதீங்க சனங்களே, இது பேய் இல்லீங்க. ஓட்டை போட்டதுல உசுரு போன போர்வைங்க. நியாயம் கேக்க வந்திருக்குது" என்றார்.

அப்புறம் போர்வை குண்டண்ணனை விரட்டியது. "கத்தரி வச்சவன் எங்கடா, குண்டா? இருபதாம் நம்பர் நூலுடா நானு. உன்ற தொப்பையப் பிரிச்சு இழை எடுத்துத் தைக்கட்டுமா?" என்று போர்வையின் குரலில் கேட்டார். வெள்ளியங்கிரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஒல்லித்தம்பி கட்டிலடியில் ஒளிந்தான். "வெளியே வா, உன்னை ஊசியா வச்சுத்தான் தைக்கோணும்" என்றது போர்வை. கொட்டகையே அதிர்ந்தது. சென்றாயன் டிக்கெட் கொடுக்கிற இடத்தை விட்டு ஓடிவந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கடைசியில் திருடன் அகப்பட்டான். போர்வை தரையில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டே குண்டண்ணனும் ஒல்லித்தம்பியும் ஓடினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மருதாசலத்துக்கு அந்தக் குரல் யாருடையதென்று சொல்லவா வேண்டும்?

"மிதிக்காதீங்க சாமி. எடுத்து மடிச்சு வைங்க."

"மடிச்சு வைங்க, மடிச்சு வைங்க" என்று கொட்டகை முழுக்கச் சேர்ந்துகொண்டது.

படம் முடிந்து திரை வெள்ளையாக இருந்தது. குழலைத் தூக்கினார். "ஆகட்டுமுங்க. நீளவாக்குல ரெண்டா மடிச்சாச்சு. குறுக்கால மடிச்சாச்சு. பொட்டியில வச்சாச்சுங்க" என்றார். ஜனம் நிம்மதியாக எழுந்தது. நாளைக்கும் வந்துவிடு என்று சென்றாயன் தோளில் தட்டினார்.

வீட்டில் ராசம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தறி நின்ன பொறகு இன்னைக்குத்தானுங்க ஒரு துணிய மடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்க பார்க்கறதும் வேலைதானுங்க மாமா" என்றாள்.

மோர் ஊற்றட்டுமா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். வாயால் பிழைக்கிற மருதாசலம் தலையை மட்டும் ஆட்டினார்.