வார்விக்கின் சீழ்க்கை

என் தம்பி வார்விக் முப்பது வருடம் இல்லவாரா மலையின் வயிற்றுக்குள் நிலக்கரி வெட்டினான். ஓய்வு பெற்றதும் அதே மலையின் தலையில் ஏறி நின்று, தானே அதைக் கட்டியது போல ஊருக்குக் காட்ட ஆரம்பித்தான். எங்கள் நடைக்குழுவின் சனிக்கிழமை நடைக்கு அவன்தான் தலைவன். வரிசையில் முதல் ஆள் அவன், கடைசி ஆள் நான். கடைசி ஆளை நாங்கள் வால் என்போம். யாரும் பின்தங்காமல் பார்ப்பது வாலின் வேலை. யாராவது காணாமல் போனால் வால் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. தம்பிக்கு வாலாக இருப்பதில் எனக்கு வெட்கமில்லை. முன்னால் அவன் செய்வதைச் சரிபார்க்கப் பின்னால் ஒருத்தி வேண்டும்.

தெரிந்ததைச் சொல்வதைவிடத் தெரியாததை உறுதியாகச் சொல்வான். அது போக அவனிடம் இருப்பது சீழ்க்கை. சுரங்கத்தில் போன முன்பல்லின் இடைவெளி வழியாக வரும் சத்தம் அது. நீளமாக இரண்டு சுரம், முடிவில் சேற்றில் வழுக்கியது போல ஓர் இழுப்பு. காட்டில் எங்கே சிதறியிருந்தாலும் அந்தச் சத்தம் வரும் பக்கம் எல்லோரும் போக வேண்டும் என்பது அவன் சட்டம்.

சென்ற இலையுதிர் காலத்தில் குழுவைக் கடல் பார்க்க அழைத்துப் போய், நகராட்சிக் குப்பைக் கிடங்கின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அன்றே நடைக்குழுவின் தலைவி கோரல் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை வழி தப்பினாலோ ஆளைத் தொலைச்சாலோ, சனிக்கிழமை நெவிலுக்குப் போயிரும்." நெவில் ஓய்வு பெற்ற நில அளவையாளர். செயற்கைக்கோளைக் கேட்காமல் வீட்டுக் கழிவறைக்குக்கூடப் போகமாட்டார்.

வார்விக்கின் மனைவி வடக்கே வெயில் தேடிப் போய் வருடங்களாகின்றன. சனிக்கிழமை போய்விட்டால் அவனுக்கு மற்ற ஆறு நாளும் இல்லை. அதனால் எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூலையில் கோரலும் நெவிலும் கூடவே வந்த நடையன்று, அவன் காலணியைக்கூடத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரம் அட்டைக் காட்டில் நடக்கப்போகிற காலணி அது.

அடிவாரத்திலேயே மேகம் இறங்கியிருந்தது.

"மேல போனா தெளிஞ்சிரும்," என்றான்.

கடல் காற்று மேகத்தையெல்லாம் உச்சியில்தான் கொண்டுபோய் அடுக்கும். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். நாங்கள் அட்டை கடிக்காமலிருக்கக் காலுறைகளில் உப்பைத் தேய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்ற மரப்பெரணிகளுக்கு அடியில் ஏறினோம்.

மேலே காட்சி மேடையில் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. வார்விக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை நீட்டினான்.

"நேரா பாருங்க, கப்பலுங்க வரிசையா நிக்குது. இடது பக்கம் கலங்கரை விளக்கம்."

"எனக்கு உன் விரலே தெரியல, வார்விக்," என்றார் நெவில்.

"கண்ணாடிய தொடைங்க."

"போன மாசம் யாழ்ப்பறவைய காட்டுறேன்னு வெறும் மண்மேட்ட காட்டினே," என்றாள் கோரல். "இன்னைக்கு மேகத்த காட்டுறே. நாப்பது வருசமா இந்தக் காட்டுல நடக்குறேன், ஆண் பறவை ஆடி ஒரு தடவகூட பாத்ததில்ல."

"காட்டுறேன், காட்டுறேன்."

கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிப் பாடும் பறவை அது. குளிர்காலத்தில் மண்ணைக் குவித்து, மேலே ஏறி நின்று ஆடும். காட்டில் அதன் பாட்டு எல்லோருக்கும் கேட்கும், ஆட்டம்தான் கண்ணில் படாது.

மேடையிலேயே தேநீர் குடித்ததும் திரும்பும் பாதையைப் பார்க்க வார்விக் முன்னால் போனான். வலது பக்கமிருந்து சீழ்க்கை வந்தது, எல்லோரும் எழுந்தார்கள். உடனே இடது பக்கப் பள்ளத்திலிருந்தும் அதே சீழ்க்கை. மற்றவர்கள் வலப்பக்கம் போக, பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்ற கோரலும் நெவிலும் அந்த வழியே இறங்கினார்கள். நான் கூப்பிடுவதற்குள் மேகம் அவர்களை விழுங்கிவிட்டது.

வந்தவர்களைப் பாதையில் நிறுத்திவிட்டு வார்விக் மட்டும் திரும்பி வந்தான். "மத்தவங்க எங்க?"

"கோரலையும் நெவிலையும் காணோம்."

அவன் முகம் மேகத்தைவிட வெளுத்தது. "வேற ரெண்டு பேரு கெடைக்கலையா தொலையறதுக்கு?" என்று முனகிவிட்டு ஊதினான். பள்ளம் பதில் ஊதியது. அதே சுரம், அதே இழுப்பு.

"க்ளெனிஸ், யாரு அது?"

"நீதான். ஆனா உன்னவிட சுத்தமா ஊதுது."

அவன் பள்ளத்தில் பாய்ந்தான். நான் வால், அசையவில்லை. சற்று நேரத்தில் கீழிருந்து குரல்கள் ஏறி வந்தன.

"ஷ்ஷ்! அப்படியே நில்லு, வார்விக். தோகைய விரிச்சிருச்சு."

"கோரல், கழுத்துல அட்டை! என் கழுத்துல..."

"அது பாட்டுக்குக் குடிக்கட்டும், நெவில். வாய மூடுங்க."

பிறகு பறவையின் சத்தம் மட்டும். வார்விக்கின் சீழ்க்கை, ஏதோ ஒரு கேமராவின் சொடுக்கு, மறுபடி சீழ்க்கை. எங்கள் குடும்பத்தில் யார் பேச்சையும் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. என் தம்பியின் பல் போன சீழ்க்கையை ஒரு பறவை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

"எப்படி?" வார்விக்கின் குரல் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. "காட்டுறேன்னு சொன்னேன்ல? அதான் உங்கள தனியா இங்க வரவழைச்சேன்."

"நீ வரவழைச்சியா?"

"சீழ்க்கைய கேட்டுத்தானே வந்தீங்க? அது யாரோடது?"

கோரலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "சனிக்கிழமைய நீயே வச்சுக்க, புளுகா."

"என் கழுத்து..." என்றார் நெவில்.

அந்த நேரத்தில் எனக்கு முன்னால் மேகம் விலகியது. கீழே முழுக் கடலும் நீலமாகக் கிடந்தது. கப்பல்கள் அவன் கை நீட்டிய இடத்திலேயே வரிசையாக நின்றன. கலங்கரை விளக்கம் மட்டும் வலது பக்கம் இருந்தது. நன்றாகப் பார்த்து முடித்தேன், மறுபடியும் மூடிக்கொண்டது.

உடம்பெல்லாம் சேறும் அட்டையுமாக மூவரும் ஏறி வந்தார்கள்.

"இங்க ஏதாவது தெரிஞ்சுதா, க்ளெனிஸ்?" என்றாள் கோரல்.

வார்விக் ஆவலோடு என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியல," என்றேன்.

தெரிந்தது என்று சொன்னால், கடலையும் தானே வரவழைத்ததாகச் சொல்வான்.